கண்ணாடியும் தவழும் வித்தையும்

மனிதன் குழந்தைப் பருவத்தில் தவழ்கிறான். ஏறக்குறைய ஓராண்டில் எழுந்து நிற்கிறான். அதன் பிறகு தவழ்வதை அவமானமாகக் கருதத் தொடங்கிவிடுகிறான். உத்தியோக உலகத்திலே சிலர் முதுமை வரையில் அந்த வித்தையைக் கைவிடுவதில்லை என்பது வேறு விஷயம். நாம் இங்கே சொல்லப் போவது முழங்கையையும் முழங்காலையும் பூமியில் ஊன்றி மெய்யாகவே தவழ்ந்து செல்வதைப் பற்றியாகும். அதிலும், ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை உடம்பில் எந்த இடத்தில் வைத்துக்கொண்டு தவழ்வது என்ற ஒரே ஒரு கேள்வியைப் பற்றியாகும்.

"இதுவும் ஒரு கேள்வியா?" என்று நேயர்கள் கேட்கலாம். பைனாகுலர் என்று கடைகளில் விற்கும் இரட்டைக் குழல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீட்டுக் கூடத்திலே யாரும் பார்க்காத நேரத்தில் நாலு முழ தூரம் தவழ்ந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நிற்கும்போது மார்பில் அடக்கமாகக் கிடக்கும் அந்த வஸ்து, குனிந்ததும் பூமியை நோக்கித் தொங்குகிறது. ஒரு கை முன்னே போனால் இடது புறம் ஆடுகிறது. மறு கை போனால் வலது புறம் ஆடுகிறது. இடையிடையே முகவாய்க் கட்டையில் ஒரு இடி. தரையில் ஒரு இடி. பயிரை மேயும் பட்டிமாட்டின் கழுத்திலே நம் குடியானவர்கள் ஒரு கட்டையைத் தொங்கவிடுவது உண்டு. மாடு ஓடப் பார்த்தால் கட்டை முழங்காலில் இடிக்கும்; மாடு நின்றுவிடும். முக்கால் கிலோ எடையுள்ள கண்ணாடியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தவழும் மனிதனின் நிலைமை அந்த மாட்டின் நிலைமைதான்.

இதற்குக் கண்ணாடி செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1609-ம் வருஷத்தில் கலிலியோ தூரதிருஷ்டிக் கண்ணாடியை வானத்தை நோக்கித் திருப்பினார். வானத்தைப் பார்ப்பவன் தவழ வேண்டியதில்லை. பின்னால் இரண்டு குழல்களைச் சேர்த்துச் செய்த சிறு கண்ணாடிகள் நாடகக் கொட்டகைகளுக்குப் போயின. அங்கே நாற்காலி உண்டு. 1854-ல் இத்தாலிய தேசத்தைச் சேர்ந்த போரோ என்பவர் பட்டகங்களைக் கொண்டு ஒளியை மடக்கி, நீண்ட குழலைக் குட்டையாக்கும் யுக்தியைக் கண்டுபிடித்தார். 1894-ல் ஜெர்மனியிலுள்ள ஜீனா நகரத்தில் அப்பே என்னும் விஞ்ஞானியின் மேற்பார்வையில் ஜைஸ் தொழிற்சாலையார் அந்த முறையில் பைனாகுலர் செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து அது கப்பல் தலைவர்களின் கழுத்திலும் படைத் தளபதிகளின் கழுத்திலும் தொங்கிற்று. அவர்களெல்லாம் நின்றுகொண்டு பார்த்தவர்கள்.

தவழ்ந்து போய்ப் பார்த்தவர்கள் வேட்டைக்காரர்கள். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் துரைமார் எழுதிய வேட்டைப் புத்தகங்களைப் புரட்டினால், திறந்த வெளியில் மேயும் வெளிமானை நோக்கி வயிற்றால் ஊர்ந்து சென்ற வரலாறுகள் பல அகப்படும். அவற்றிலே இன்னொரு மனிதரும் வருவார். அவர் துரைக்கு முன்னால் தவழ்ந்து வழி காட்டுவார். காற்றின் திசை பார்ப்பார். கண்ணாடியில்லாமலே மானைக் காண்பார். அவருக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. "என்னுடைய ஷிகாரி" என்பதோடு சரி. தூரதிருஷ்டிக் கண்ணாடி துரையினுடையது, தூரதிருஷ்டி ஷிகாரியினுடையது. இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் பட்சிகளைப் பற்றி ஆராய்ந்த நல்ல மனிதர்கள்கூடத் துப்பாக்கியைக் கொண்டுதான் ஆராய்ந்தார்கள். காங்கிரஸ் மகாசபை 1885-ம் வருஷம் டிசம்பர் மாதம் பம்பாயில் முதன் முதலாகக் கூடுவதற்குக் காரணமாயிருந்தவர்களில் முக்கியமானவரான ஆலன் அக்டேவியன் ஹ்யூம், பறவை ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றவர். அவர் சேகரித்து, அதே 1885-ல் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு வழங்கிய பறவைத் தோல்கள் பல பதினாயிரம். பிற்காலத்தில் நம் தேசத்துப் பட்சி சாஸ்திரத்தின் பிதாமகராக விளங்கிய சாலிம் அலியும், சிறு வயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ஒரு சிட்டைத் தொடர்ந்துதான் இத்துறைக்கு வந்தார். கையில் எடுத்துப் பார்த்தாலன்றிப் பட்சியை அடையாளம் சொல்ல முடியாது என்றிருந்த காலம் அது. நல்ல கண்ணாடிகள் வந்த பிறகு, சாக வேண்டிய அவசியமில்லாமலே பட்சி தன் பெயரைச் சொல்லத் தொடங்கிற்று. நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் அவர்கள் காடுகளிலே நடந்து சென்று காமிராவினால் யானைகளைப் "பிடித்து" வந்ததை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம்.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டையும் போயிற்று, ஷிகாரிகளும் போயினர். தவழ்ந்து போகும் வித்தை மட்டும் போகவில்லை. எங்கே போயிற்றென்றால், மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்தது!

விழுப்புரத்திலிருந்து கடலூருக்கு ரயிலில் போகிறவர்கள் பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவிலே மேல்பட்டாம்பாக்கம் என்ற ஸ்டேஷனைப் பார்த்திருக்கலாம். மேற்கே பண்ணுருட்டியின் பலாப்பழ மணம். கிழக்கே நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் பாகு மணம். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். இந்தப் பெண்ணையின் மணல் திட்டுகள்தாம் நமது வேட்டைக்காடு.

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையால், டிசம்பர் தொடக்கத்தில் பெண்ணையிலே பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் ஊர்களைப் படுத்திய பாட்டை மறப்பதற்கில்லை. வடிந்த பிறகு, ஆற்றிலே பழைய திட்டுகள் சில மறைந்து புதிய திட்டுகள் சில தோன்றியிருந்தன. பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலாகச் சுருங்கிய சமயம், அப்படிப்பட்ட ஒரு புதுத் திட்டிலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் குடியேறின.

ஆள்காட்டி என்ற பெயரை வைத்தவன் பெரிய ரசிகனாயிருக்க வேண்டும். சிவந்த மூக்கும், மஞ்சள் கால்களும், கறுத்த மார்பும் உடைய இந்தப் பட்சி, மனிதன் தலை தெரிந்தால் போதும், எழும்பி வட்டமிட்டு ஊரைக் கூட்டிவிடும். ஒளிந்து போகிறவன் எவனாயிருந்தாலும் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கூச்சலுக்குக் காரணம் இருக்கிறது. இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையிலே ஒரு சிறு குழி பறித்து, சுற்றிலும் இரண்டு கூழாங்கல்லை வைத்து, அதில் பெரும்பாலும் நாலு முட்டை இடும். முட்டைகள் மண் நிறம். அதன் மேல் கறுப்புத் திட்டுகள். பத்தடி தூரத்தில் நின்றாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. தெரியாதிருப்பதுதான் அவற்றுக்குள்ள ஒரே கோட்டை.

அந்தக் கோட்டைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, வெயில். சித்திரை வெயிலில் பெண்ணை மணலில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு அந்த முட்டைகளின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் மாறி மாறி அவற்றின் மேல் நின்று நிழல் கொடுக்க வேண்டும். நாம் நிமிர்ந்து நடந்து போனால் அவை எழுந்து கத்தும். முட்டைகள் வெயிலில் கிடக்கும். எங்கேயோ மின்சாரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கை என்ன விசேஷம் என்று பார்க்க வரும். ஆகையால் நிமிர்ந்து போகலாகாது. நாணல் புதரின் மறைவிலே தவழ்ந்து போய், எண்பது தப்படிக்கு இப்பாலேயே நின்றுவிட வேண்டும். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் எண்பது தப்படி தூரம் பத்துத் தப்படி தூரம்போல் தெரியும். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்படலாகாது. தவழ்ந்து போய் மூச்சு வாங்கும் மனிதனின் கையில் அவை பட்சியோடு சேர்த்து நம் நெஞ்சுத் துடிப்பையும் பத்து மடங்காக்கிக் காட்டும். கண்ணாடியின் மேல் 8×40 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெருக்கம், முன் கண்ணாடியின் அகலம் 40 மில்லி மீட்டர் என்று அர்த்தம். இந்தக் காரியத்துக்கு அது போதும்.

இரண்டாவது எதிரி, மணல் வண்டி. புதுத் திட்டிலே புது மணல் கிடைக்கும். மாட்டு வண்டிக்காரர்கள் நாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டித் தடம் போகிற போக்கில் போனால், இன்னும் நாலு நாளில் சக்கரம் முட்டைகளின் மேல் ஏறிவிடும். கூடு இருக்கும் இடத்தை முதலில் நாம் நிச்சயமாய்க் கண்டுகொள்ள வேண்டும். பிறகு அவர்களுக்குக் காட்ட வேண்டும். பட்சிகளை வெயிலில் எழுப்பாமலே இவ்விரண்டையும் செய்ய வேண்டும். ஆகவேதான் கண்ணாடியை எங்கே கட்டிக்கொள்வது என்ற கேள்வி அற்பக் கேள்வி அல்லவென்று சொன்னோம்.

நாம் செய்து பார்த்த முறைகளை வரிசையாகச் சொல்கிறோம். கழுத்து வாரைச் சுருக்கிக் கண்ணாடியை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டுவது முதல் முறை. குனிந்து நடக்க அது நல்லது. வயிறு தரையில் படும்படி ஊரும்போது, கண்ணாடி மார்பெலும்புக்கும் பூமிக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு இருவரையும் குத்துகிறது. சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வது இரண்டாவது முறை. ஆட்டம் நிற்கிறது, ஆனால் வியர்வை ஆவி கண்ணாடியில் படிந்து, போய்ச் சேர்ந்ததும் மார்கழி மாதத்து மூடுபனிதான் தெரிகிறது. இக்காலத்தில் கடைகளில் நாலு பட்டை வைத்து, முதுகில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் வார்கள் விற்கிறார்கள். முழங்காலும் உள்ளங்கையும் ஊன்றிப் போகிற வரையில் அது மிகச் சிலாக்கியமானது. கழுத்து வலியும் இல்லை. மார்பிலே இருப்பதால், வயிற்றால் ஊர்வதற்கு அதுவும் உதவாது. கண்ணாடியைக் கையில் பிடித்து முழம் முழமாக முன்னே தள்ளிக்கொண்டு போகலாம் என்பார்கள். கல் தரையில் போகலாம். ஆற்று மணலில் போனால், திருகுகிற இடத்திலெல்லாம் மணல் புகுந்து, திருகும்போது தோசைக்கு அரைக்கிற சத்தம் கேட்கும். வாரை ஒரு தோளின் மேலும் மறு அக்குளின் கீழுமாகக் குறுக்கே மாட்டி, கண்ணாடியை முதுகுக்குத் தள்ளிவிடுவது வேட்டைக்காரர்களின் பழைய முறை. இவை எல்லாவற்றிலும் அதுவே மேல். ஆனால் முழங்கையை ஒவ்வொரு முறை முன்னே வைக்கும்போதும் தோள்பட்டை உருளுகிறது. தோள்பட்டை உருண்டால் கண்ணாடி விலாப்புறமாகச் சறுக்கிக் கீழே வந்துவிடுகிறது. அதைத் தள்ளிவிடக் கையைத் தூக்கினால் ஆள்காட்டி ஆளைக் காட்டிவிடுகிறது.

இந்த நிலைமையில், கரையிலே ஆடு மேய்த்துக்கொண்டு நம்முடைய பிரயாசைகளைப் பார்த்திருந்த ஒரு முதியவர் அருகில் வந்தார். எழுபது பிராயத்துக்குக் குறையாது. வாலிபத்தில் பனையேறிப் பதநீர் இறக்கியவர். மார்பிலும் முன்கையிலும் பனை மரம் எழுதிவிட்ட தழும்புகள் இன்னும் இருந்தன.

"தம்பி, பதநீர்க் கலயத்தக் கழுத்துல மாட்டிக்கினா மரம் ஏறுவாங்க? மரத்துக்கும் மாருக்கும் நடுவுல பட்டு ஒடஞ்சி பூடாதா?" என்றார்.

"பின் எப்படிப் பெரியவரே ஏறுவீர்கள்?" என்று கேட்டோம்.

"மாருல ஒண்ணும் இருக்கப்படாது. அரிவாப் பொட்டி, கலயம் எல்லாம் இடுப்புக்குப் பின்னாலதான். நடு முதுகுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்குது பாரு, அதுல. ஒடம்பு பூரா ஆடினாலும் அது ஆடாது."

பனையேறுவது என்பது நிமிர்ந்த தவழ்தல்தானே? தரையில் தவழ்கிறவன் கண்ணாடியை நழுவவிட்டால் கண்ணாடி போகும். மரத்தில் தவழ்கிறவன் அரிவாளை நழுவவிட்டால் கீழே நிற்பவன் உயிர் போகும். தலைமுறை தலைமுறையாக அந்தப் பொறுப்போடு ஏறி இறங்கியவர்கள் கண்டுபிடித்த இடம் சரியாயிருப்பதில் ஆச்சரியம் என்ன?

பெரியவர் தம் தோளிலிருந்த அகலமான துண்டை எடுத்து நாலாக மடித்தார். கண்ணாடியை இடுப்பின் பின்புறப் பள்ளத்தில், குழல்கள் முதுகுத்தண்டுக்கு இரு பக்கமும் அமையும்படி வைத்தார். துண்டை அதன்மேல் சுற்றி, முடிச்சு வயிற்றின் நடுவே வராமல் இடது விலாப்புறமாக விழும்படி கட்டினார். வாரை மட்டும் பழைய முறையில் ஒரு தோளின் மேல் தளர்ச்சியாகப் போட்டார். அவிழ்ந்தாலும் கண்ணாடி கீழே விழாமலிருக்க. போய்ச் சேர்ந்தபின் கையை முதுகுக்குத் தூக்க வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுத்து, துண்டோடு சேர்த்து அரை வட்டம் திருப்பினால், கண்ணாடி தானே விலாப்பக்கம் வந்து கையில் விழுகிறது. இரண்டு முழங்கைகளையும் மணலில் ஊன்றினால், முக்காலிகூட அவ்வளவு ஆடாமல் நிற்காது.

இந்த முறையிலேதான் நாம் கூட்டைக் கண்டோம். நாலு முட்டைகள். பெட்டையோ சேவலோ, ஒன்று அவற்றின் மேல் இறக்கையைச் சற்றே விரித்து நின்றது. மற்றொன்று வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டு, ஓடியும் நின்றும் திரும்பி வந்தது. முதலாவது விலக, ஈர வயிற்றோடு முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. முட்டைகளைக் குளிர்விக்கும் இந்த வழக்கத்தைப் பட்சி சாஸ்திரிகள் குறித்து வைத்திருக்கிறார்கள். படித்தது வேறு, பார்த்தது வேறு.

வண்டிக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? கூட்டைக் கலைப்பதையும் முட்டைக்கு ஊறு செய்வதையும்கூட "வேட்டை" என்ற சொல்லுக்குள் அடக்குகிறது 1972-ம் வருஷத்துச் சட்டம். சட்டத்தைச் சொன்னால் அவர்கள் நம்மை அதிகாரி என்று நினைத்திருப்பார்கள். அன்றிரவே பட்சி சமாச்சாரம் முடிந்திருக்கும். நாள் முழுவதும் மணல் வாரி, மாட்டுக்குத் தீவனம் போக மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். லாரிகள் அள்ளுகிற மணலோடு பார்த்தால் இவர்கள் அள்ளுவது ஒரு பொருட்டல்ல. "சொன்னாக் கேக்கமாட்டான். பாத்தாக் கேப்பான்" என்றார் பெரியவர்.

முன்னால் போகும் வண்டிக்குச் சொந்தக்காரரை அவர் அழைத்து வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "இன்னா பெரியப்பா, ஆத்துல தவழ்ந்து போவ நான் இன்னா கொழந்தையா?" என்றார். பெரியவர் பதில் பேசவில்லை. துண்டை அவர் இடுப்பில் கட்டத் தொடங்கினார். பெரியப்பா கட்டும்போது அவிழ்த்தெறிய அவரால் முடியவில்லை.

நாணல் மறைவில் அவர் ஊர்ந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தோம். கண்ணாடி அசையவே இல்லை. ஆள்காட்டி ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முட்டைகளின் மேலேயே இருந்தது. வண்டிக்காரர் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. கால் மணிக்கு மேல் ஆகியும் அவர் திரும்பவில்லை. கரையிலே அவருடைய மாடுகள் நுகத்தடியோடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தவர் மீசையிலிருந்த மணலைத் தட்டினார். "வவுத்துலியே தண்ணி கொண்டாருதுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை வண்டித் தடத்தின் குறுக்கே இரண்டு பனைமட்டைகள் கிடந்தன. கூட்டுக்கு அருகில் அல்ல. அங்கே அடையாளம் வைத்தால் நாயும் மனிதனும் வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது தப்படிக்கு இப்பாலே கிடந்தன. முன் வண்டி விலகிய வழியில் பின் வண்டிகளும் விலகின. ஆள்காட்டி முட்டைகள் பொரிக்க ஏறத்தாழ நாலு வாரம் ஆகும். அந்த நாலு வாரமும் பனைமட்டைகளை ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் மூன்று குஞ்சுகளைப் பார்த்தோம். பொரித்த அன்றே காலால் ஓடத் தெரிந்த மூன்று பஞ்சு உருண்டைகள். நாலாவது என்னவாயிற்றோ, ஆறு அறியும்.

பஞ்சதந்திரத்திலே டிட்டிபம் என்னும் பட்சியின் கதை வருகிறது. கடல் அதன் முட்டைகளைக் கொண்டு போய்விட, அது கடலோடு வழக்குக்குப் போகிறது. கருடன் மூலமாக விஷ்ணுவின் உதவியைப் பெற்று முட்டைகளைத் திரும்ப வாங்குகிறது. டிட்டிபம் என்பது நம் ஆள்காட்டியின் இனந்தான். பெண்ணையின் பட்சிக்குக் கருடன் வரவில்லை. முதுகிலே துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு வண்டிக்காரர் வந்தார். இதனால் பெண்ணையாறு பிழைத்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு திட்டில், ஒரு கோடையில், மூன்று குஞ்சுகள் பிழைத்தன. அவ்வளவுதான்.

வருகிற பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் வர எண்ணும் நேயர்கள் விலையுயர்ந்த வார்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். காலை வெயில் ஏறுமுன் வாருங்கள். ஓர் அகலமான பருத்தித் துண்டு கொண்டு வாருங்கள். முடிச்சு விலாப்புறம் இருக்கட்டும். பட்சி தலையைத் தூக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். எழுந்து நின்றால் திரும்பிப் போய்விடுங்கள். கண்ணாடியில் ஆசை தீரப் பார்த்த பிறகு, கரையில் நிற்கும் யாரிடமாவது அதைக் கொடுத்து, அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.